நிறமில்லாத சுடர்

கல்லூரியில் சால்ட் அனாலிசிஸ் செய்தவர்களுக்குப் புன்சன் பர்னர் பழகிய பொருள்தான். கனமான பீடம், மேலே ஒரு குழாய், குழாயின் அடியில் காற்றுத் துளை, அதை மூடித் திறக்க ஒரு வளையம். அவ்வளவே.

துளையை மூடிப் பற்றவைத்தால் சுடர் மஞ்சளாகத் துவண்டு ஆடும். முழுதாக எரியாத கரித்துகள்கள் பழுத்து ஒளிர்வதால் வரும் மஞ்சள் அது. பீக்கரைக் காட்டினால் அடியில் கரி பிடிக்கும். துளையைத் திறந்தால், சின்ன முனை வழியே சீறிவரும் வாயு வெளிக்காற்றையும் இழுத்துக்கொள்ளும். இரண்டும் குழாய்க்குள் கலந்து, மேலே வந்து எரியும். சுடர் நீலமாகி விறைத்து நிற்கும். சூடு 1500 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறும். வீட்டு கேஸ் அடுப்பும் இப்படித்தான் எரிகிறது. வாயுவை ரொம்பக் குறைத்துவிட்டால் சுடர் குழாய்க்குள்ளேயே இறங்கிவிடும். உடனே வாயுவை அடைத்துவிட வேண்டும்.

சுடரின் நடுவிலுள்ள சிறு கூம்புக்குள் வாயு இன்னும் எரியத் தொடங்கியிருக்காது. தீக்குச்சியில் குண்டூசி குத்தி, மருந்து முனை மட்டும் குழாய்வாயின் நடுவில் தெரியும்படி தொங்கவிட்டுப் பர்னரைப் பற்றவையுங்கள். சுற்றிலும் நெருப்பு, குச்சியோ பற்றாமல் நிற்கும்!

ராபர்ட் புன்சன் 1852இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். அதற்கு முன்பே ஓர் ஆர்சனிக் சேர்மம் வெடித்து ஒரு கண் போயிருந்தது. ஊருக்கு நிலக்கரி வாயு வந்த காலம் அது. புதிய ஆய்வகத்துக்குப் புகையாத சுடர் கேட்டார். எரியுமுன்பே காற்றும் வாயுவும் கலக்க வேண்டும் என்றார். அதைக் கருவியாகச் செய்து கொடுத்தவர் பல்கலைக்கழகக் கருவி வினைஞர் பீட்டர் டெசாகா. புன்சன் காப்புரிமை எடுக்கவில்லை, பெருந்தன்மைதான். ஆனாலும் பெயர் முழுக்க அவருக்கே போனது டெசாகாவுக்கு நியாயமில்லை.

என் கணக்கில் இந்தப் பர்னரின் பெருமை சூட்டில் இல்லை, அதன் சுடருக்கென்று நிறம் அனேகமாக இல்லாததில் இருக்கிறது. உப்பைத் தொட்ட பிளாட்டினம் கம்பியைக் காட்டினால் உப்பின் நிறம் மட்டுமே தெரியும்: சோடியம் மஞ்சள், பொட்டாசியம் வெளிர் ஊதா, பேரியம் இளம்பச்சை. கலவையானால் சோடியத்தின் மஞ்சள் மற்றதையெல்லாம் மூடிவிடும். அந்த ஒளியை முப்பட்டகத்தில் பிரித்துப் பார்க்கலாமே என்றவர் புன்சனின் நண்பர் கிர்க்காஃப். 1860இல் டூர்க்ஹைம் ஊற்றுநீரின் உப்புகளில், அதுவரை எந்தத் தனிமமும் காட்டாத நீலக் கோடுகள் தெரிந்தன. சுமார் 40 டன் நீரை வற்றக் காய்ச்சிச் சில கிராம் சேர்மம் எடுத்தார்கள். அந்தக் கோடுகளுக்குரிய புதிய தனிமம்தான் சீசியம். மறு ஆண்டே ருபிடியமும் அகப்பட்டது.