மின் உற்பத்தி விலகல் ஒப்பீடு

மின் உற்பத்தி விலகல் ஒப்பீடு என்பது, ஒரு மின் நிலையம் குறித்த நேரத்தில் உற்பத்தி செய்யும் என முன்னதாக அறிவிக்கப்பட்ட மின்சார அளவையும், அந்நேரத்தில் அது உண்மையில் உற்பத்தி செய்த அளவையும் ஒப்பிட்டு அறியும் முறை ஆகும். தரவுகள் மிகப் பலவாக இருப்பதால் இவ்வொப்பீடு கணினி நிரல்கள் மூலம் செய்யப்படுகிறது. இக்கட்டுரை சேலம் மாவட்டத்திலுள்ள மேட்டூர் அனல் மின் நிலையத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகிறது.

தேவை

மின்தொகுப்பில் உற்பத்தியும் நுகர்வும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருத்தல் வேண்டும். சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டில் நீரேற்றும் மோட்டார் இயக்கப்பட்டால், அதற்கான மின்சாரம் அந்நொடியிலேயே ஏதேனும் ஒரு மின் நிலையத்திலிருந்து கிடைக்க வேண்டும். உற்பத்தி குறைந்தால் மின்தொகுப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கும்; மிகுந்தால் மேலே ஏறும். இந்தியாவில் அதிர்வெண் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை இருக்க வேண்டும் என விதிக்கப்பட்டுள்ளது. அது மிகவும் இறங்கினால் தானியங்கிக் கருவிகள் சில பகுதிகளுக்கான மின் வழங்கலைத் துண்டித்துவிடும். எனவே, சொன்ன அளவுக்கும் செய்த அளவுக்கும் உள்ள இடைவெளியை அறிவது இன்றியமையாதது.

2012 சூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்தியாவில் ஏற்பட்ட பெரும் மின்தடைக்கு, மாநிலங்கள் அட்டவணையை மீறிக் கூடுதல் மின்சாரம் எடுத்ததும் ஒரு காரணம் ஆகும். அப்போது தென்மண்டல மின்தொகுப்பு வடக்குடன் ஒரே அதிர்வெண்ணில் இணைக்கப்படாததால் தமிழ்நாடு தப்பியது. இவ்விணைப்பு 2013 திசம்பர் 31 அன்று ஏற்பட்டது.

இந்திய நடைமுறை

இந்தியாவில் ஒரு நாள், 15 நிமிடங்கள் கொண்ட 96 நேரக் கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. மின் நிலையங்கள் ஒவ்வொரு கூறிலும் தம்மால் வழங்க இயலும் அளவை முந்தைய நாளே தெரிவிக்கின்றன. அதைக் கொண்டு மின்சுமை அனுப்புகை மையம் உற்பத்தி அட்டவணையை வகுக்கிறது. தமிழ்நாட்டிற்கான மையம் சென்னையிலும் தென்மண்டல மையம் பெங்களூரிலும் உள்ளன. அட்டவணை அன்றைய நாளிலும் திருத்தப்படலாம்.

அட்டவணையிலிருந்து விலகுவோர் அதற்கேற்பப் பணம் செலுத்தும் முறை தென்மண்டலத்தில் 2003 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2014இல் விலகல் தீர்வு விதிகள் அதற்கு மாற்றாக வந்தன.

கணக்கிடும் முறை

விலகல் = உண்மை உற்பத்தி − அட்டவணை உற்பத்தி

விடை எதிர்மமாக இருந்தால் உற்பத்தி குறைவு என்று பொருள். இதனை அட்டவணை அளவால் வகுத்து 100ஆல் பெருக்கினால் விலகல் விழுக்காடு கிடைக்கும். காற்றாலைகளுக்கும் சூரிய மின் நிலையங்களுக்கும் அட்டவணை அளவுக்கு மாறாக, இயங்கும் நிலையிலுள்ள நிறுவுதிறனால் வகுக்கும் வழக்கம் உண்டு. இரவில் சூரிய மின் நிலையத்தின் அட்டவணை சுழியம் ஆதலால், அதனால் வகுக்க இயலாது.

மேட்டூர் நிலையத்தில் 1987 முதல் 1990 வரை அமைக்கப்பட்ட 210 மெகாவாட் அலகுகள் நான்கும், 2013இல் இயங்கத் தொடங்கிய 600 மெகாவாட் அலகு ஒன்றும் உள்ளன. மொத்தத் திறன் 1,440 மெகாவாட். இவற்றுள் ஒரு 210 மெகாவாட் அலகின் அட்டவணை ஒரு மணி நேரம் முழுவதும் 200 மெகாவாட் எனக் கொள்வோம். நான்கு கூறுகளில் அது முறையே 180, 190, 210, 220 மெகாவாட் உற்பத்தி செய்தால், மணிச் சராசரி 200 ஆகும். மணிக்கணக்கில் விலகல் ஏதும் இல்லை. ஆனால் கூறுவாரியாகப் பார்த்தால் 5 முதல் 10 விழுக்காடு வரை விலகல் உள்ளது. ஆகவே, குறியை நீக்கிய விலகல்களின் சராசரியையும் காண வேண்டும். இங்கு அது 15 மெகாவாட், அதாவது 7.5 விழுக்காடு.

கவனிக்க வேண்டியவை

குறைந்த உற்பத்தி எப்போதும் நிலையத்தின் குறைபாடு அன்று. கொதிகலன் குழாய்க் கசிவு, நிலக்கரிப் பற்றாக்குறை போன்றவை நிலையத்தைச் சார்ந்த காரணங்கள். ஆனால் மே முதல் செப்டம்பர் வரை காற்றாலை மின்சாரம் மிகும்போது, அனல் மின் நிலையங்களின் உற்பத்தியைக் குறைக்குமாறு மையமே பணிக்கிறது. அந்நாட்களில் முதல் அட்டவணையுடன் ஒப்பிட்டால், பணிந்து நடந்த நிலையம் தவறியது போலத் தோன்றும். திருத்திய அட்டவணையுடன் ஒப்பிடுவதே முறை.

மத்திய மின்சார ஆணையத்தின் நாள் அறிக்கையில் ஒவ்வொரு நிலையத்திற்கும் திட்ட அளவும் உண்மை அளவும் தரப்படுகின்றன. அத்திட்ட அளவு ஆண்டு இலக்கை ஒட்டியது. முந்தைய நாள் அட்டவணை அன்று. இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் ஒப்பீடு பிழையாகும்.

பிற நாடுகள்

ஐரோப்பாவில் 2015 சனவரி முதல் பொதுத் தரவுத்தளம் ஒன்று இயங்குகிறது. 100 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறன் கொண்ட உற்பத்தி அலகுகளின் உண்மை உற்பத்தியும், காற்றாலை, சூரிய மின்சாரத்திற்கான முன்கணிப்பும் அதில் வெளியிடப்படுகின்றன. இதனால் மாணவர்களும் ஆய்வாளர்களும் தாமே நிரல் எழுதி இத்தகைய ஒப்பீட்டைச் செய்ய முடிகிறது.