இரக்கம் வேண்டாத இரு மனிதர்கள்

கழுத்துக்குக் கீழே எந்த அங்கமும் அசையாத ஒரு செல்வந்தர். திருட்டுக் குற்றத்துக்காக ஆறு மாதம் சிறையிருந்துவிட்டு வந்த ஒரு கறுப்பின இளைஞன். இவ்விருவரையும் ஒரே வீட்டில் குடிவைத்துக் கதை சொல்லப் புகுந்தால், பார்ப்போர் கண்ணீர் வடிப்பர் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் 2011 நவம்பர் 2 ஆம் நாள் பிரான்சில் திரைக்கு வந்த 'அன்தூஷாப்ள்' என்னும் திரைப்படம் பார்த்தோரை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தது. சிரித்து ஓய்ந்த பின்னரே தம் கண்கள் நனைந்திருப்பதைப் பலர் உணர்ந்தனர். பிரான்சில் மட்டும் 1 கோடி 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்பனையாகின. 2008 இல் வெளிவந்த மற்றொரு நகைச்சுவைப் படத்தை விட்டால், சொந்த நாட்டில் இத்தனை பேரைத் திரையரங்குக்கு இழுத்த பிரெஞ்சுப் படம் அதுவரை வேறில்லை.

படத்தை எழுதி இயக்கியவர்கள் ஒலிவியே நக்காஷ், எரிக் தொலேதானோ என்னும் இரட்டையர். செல்வந்தர் பிலிப்பாக பிரான்சுவா க்ளூஸேயும், இளைஞன் திரிஸ்ஸாக ஓமார் சீயும் நடித்துள்ளனர். அகதி என்ற சொல்லோடு வாழப் பழகிக்கொண்ட எமது வாசகர்கள் இப்படத்தைக் காணவேண்டியதற்குச் சிறப்பான காரணங்கள் சில உண்டு என்று நாம் கருதுகிறோம். அவற்றுள் முதலாவது அதன் தலைப்பு.

தலைப்பின் பொருள்

'அன்தூஷாப்ள்' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குத் 'தொட முடியாதவர்' என்பது நேர்ப்பொருள். இந்தியச் சாதி அமைப்பில் தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மக்களைக் குறிக்கவும் பிரெஞ்சு மொழியில் இதே சொல்லே வழங்குகின்றது. பிலிப்பைத் தொட்டால் அவருக்குத் தெரியாது. உடல் உணர்விழந்து கிடக்கின்றது. திரிஸ்ஸைத் தொடவோ நகரத்துப் பெரிய மனிதர் எவரும் விரும்புவதில்லை. புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒதுக்கி வைக்கப்பட்ட கூட்டத்தில் அவன் ஒருவன். ஒருவரின் ஒதுக்கம் உடலால் வந்தது; மற்றவனின் ஒதுக்கம் பிறப்பாலும் வறுமையாலும் வந்தது. இவ்விருவரும் ஒருவரையொருவர் தொட்டுத் தூக்கிச் சுமக்கின்றனர் என்பதே படத்தின் முழுச் செய்தியும் ஆகும். தீண்டாமையின் வரலாற்றைத் தன் முதுகில் சுமந்துவந்த தமிழ்ச் சமூகத்துக்கு இத்தலைப்பு மற்றெவரையும் விடக் கூர்மையாகவே தைக்கவேண்டும்.

உண்மையில் நடந்தது

இது கற்பனைக் கதையன்று. கோர்சிகாத் தீவின் பழைய பிரபுக் குடும்பமொன்றில் வந்தவரும், புகழ்பெற்ற சம்பெயின் நிறுவனமொன்றின் இயக்குநராக இருந்தவருமான பிலிப் பொத்ஸோ தி போர்கோ, 1993 இல் பரக்குடையிற் பறந்தபோது விழுந்து முள்ளந்தண்டு முறிந்து, கைகால் இயக்கம் யாவும் இழந்தார். 1996 இல் அவருடைய மனைவியும் புற்றுநோயால் மறைந்தார். அக்காலத்தில் அவரைப் பராமரிக்க வந்தவரே அப்தெல் செலூ. அல்ஜீரியாவிற் பிறந்து, பாரிசில் உறவினர் வீட்டில் வளர்ந்து, சிறைவாசமும் கண்டவர் அவர். ஒரு மாதத்துக்கென ஒட்டிக்கொண்ட உறவு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நீடித்தது.

பொத்ஸோ தி போர்கோ தம் வாழ்வை 2001 இல் நூலாக எழுதினார். இருவரையும் பற்றி 2003 இல் வந்த தொலைக்காட்சி விவரணப் படத்தைக் கண்டே இயக்குநர்கள் இக்கதையைத் தேர்ந்தனர். தம் வாழ்க்கை அழுகைப் படமாக ஆகிவிடக்கூடாது, நகைச்சுவையாகவே சொல்லப்பட வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாயிருந்தது. 2023 ஜூன் மாதத்தில், தமது 72 ஆம் வயதில் அவர் காலமானார்.

கதையின் போக்கு

வேலை வேண்டி திரிஸ் அந்த மாளிகைக்கு வரவில்லை. வேலை தேடினேன், கிடைக்கவில்லை என்பதற்கு ஒரு கையொப்பம் கிடைத்தால், வேலையற்றோர் கொடுப்பனவைத் தொடர்ந்து பெறலாம். அவ்வளவே அவன் நோக்கம். சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டு வரிசையில் அமர்ந்திருக்கும் ஏனையோர், தமக்கு ஊனமுற்றோர்மேல் உள்ள கருணையைப் பற்றி மிகுந்த பணிவோடு பேசுகின்றனர். திரிஸ்ஸிடம் கருணையும் இல்லை, பணிவும் இல்லை. பிலிப் அவனையே தேர்ந்தெடுக்கிறார். இரண்டு வாரங்கூட நீ தாக்குப்பிடிக்கமாட்டாய் என்று சவாலும் விடுகிறார்.

தேர்ந்தெடுத்த காரணம் பின்னரே தெரியவருகிறது. இத்தகைய இளைஞர்களிடம் இரக்கம் என்பதே கிடையாது, எச்சரிக்கையாயிரு என்று உறவினர் ஒருவர் பிலிப்புக்குப் புத்தி சொல்கிறார். எனக்கு வேண்டியதும் அதுவே, இரக்கமின்மைதான் என்கிறார் பிலிப். தொலைபேசி ஒலித்தால் திரிஸ் அதை எடுத்து அவரிடம் நீட்டிவிடுகிறான்; வாங்கக் கை எழாது என்பது அவன் நினைவில் நிற்பதில்லை. பிறர் கண்ணுக்கு இது மரியாதைக் குறைவு. பிலிப்புக்கோ, தம்மை நோயாளியாகக் காணாத ஒரு மனிதன் கிடைத்துவிட்டான் என்னும் ஆறுதல்.

இந்த இடத்தில் புலம்பெயர்ந்த வாசகர் ஒருகணம் நின்று சிந்திப்பார் என நம்புகிறோம். விண்ணப்பப் படிவங்களோடு காரியாலய வரிசைகளில் நின்றவர்களுக்கு இரக்கத்தின் சுவை தெரியும். உதவி கிடைக்கிறது, ஆனால் உதவுபவரின் பார்வையில் நாம் சிறுத்துப் போகிறோம். உதவியைப் பெற்றும் தலை நிமிர்ந்து நிற்கக்கூடிய உறவு எத்துணை அரிது என்பதை பிலிப்பின் முகம் எமக்குச் சொல்லாமற் சொல்கிறது.

இரு நடிகர்கள்

நடிப்பை எடுத்துக்கொண்டால், இருவருக்கும் இடப்பட்ட பணி ஒன்றுக்கொன்று நேர்மாறானது. க்ளூஸேக்குக் கையில்லை, காலில்லை, உடலே இல்லை. கழுத்துக்கு மேலுள்ள முகமும் குரலும் மட்டுமே அவருடைய கருவிகள். நடிகன் ஒருவன் வழமையாகச் சார்ந்து நிற்கும் அனைத்தையும் பறித்துவிட்டு நடி என்றால் அவன் என் செய்வான்? க்ளூஸே மிகை எதுவும் செய்யவில்லை. பெரும்பாலான காட்சிகளில் அவர் திரிஸ்ஸைக் கவனித்துக் கேட்கிறார், அவ்வளவே. அவன் பேசப்பேச அவர் உதட்டோரத்தில் சிரிப்பு ஊறிவரும் விதத்தைப் பார்த்தே நாமும் சிரிக்கத் தொடங்குகிறோம். இரவில் மூச்சுத் திணறி விழிக்கும் காட்சியில் அந்த முகத்தில் தெரியும் அச்சம் எளிதில் மறக்கக்கூடியதன்று.

ஓமார் சீயோ ஓரிடத்தில் நில்லாதவர். பாரிசுக்கு மேற்கேயுள்ள திராப் என்னும் புறநகரில் 1978 இல் பிறந்தவர். தந்தை செனகல் நாட்டவர், தாய் மொரித்தானியா வழி வந்தவர். தந்தை தொழிற்சாலைத் தொழிலாளி, தாய் துப்புரவுப் பணியாளர். திரிஸ்ஸின் பெரிய குடும்பமும் நெரிசலான வீடும் அவர் அறியாத உலகமல்ல. குழந்தைகள் ஓயாமல் வந்துபோகும் சிறு குளியலறையில் திரிஸ் குளிக்கத் திண்டாடுவதையும், பின்னர் மாளிகையில் தனக்கென ஒதுக்கிய குளியலறையைக் கண்டு அவன் வாய்பிளந்து நிற்பதையும் படம் அடுத்தடுத்துக் காட்டுகிறது. வசனம் எதுவுமின்றியே வர்க்க வேறுபாடு விளங்கிவிடுகிறது.

நகைச்சுவையும் இவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கிறது. ஒபேரா மேடையில் மரவேடமிட்ட ஒருவர் ஜேர்மன் மொழியிற் பாடத் தொடங்கியதும், சுற்றியுள்ள கனவான்கள் முகம் சுளிக்க, திரிஸ் அடக்கமாட்டாமற் சிரிக்கிறான். பிறந்தநாள் விருந்தில் விவால்டியின் இசையை வாத்தியக் குழு வாசிக்க, அது வேலைவாய்ப்புக் காரியாலயத்துக்குத் தொலைபேசி எடுத்தால் காத்திருக்கும்போது ஒலிக்கும் இசையல்லவா என்கிறான். அரசாங்கக் காரியாலயத் தொலைபேசியில் மணிக்கணக்காகக் காத்திருந்து பழகிய எவரும் இங்கே சிரியாதிருக்க முடியாது. அதன் பின் திரிஸ் தன் இசையை ஒலிக்கவிட்டு ஆடும் ஆட்டமும், அசையமுடியாத பிலிப் அதை ரசித்திருக்கும் நிலையும் படத்தின் உச்சங்களுள் ஒன்று.

இந்நடிப்புக்காக ஓமார் சீக்கு 2012 இல் சிறந்த நடிகருக்கான சேஸார் விருது கிடைத்தது. அவ்விருதைப் பெற்ற முதற் கறுப்பின நடிகர் அவரே. அவ்வாண்டு அவரோடு போட்டியிட்டோருள் க்ளூஸேயும் ஒருவர். 'தி ஆர்ட்டிஸ்ட்' படத்துக்காக ஒஸ்கார் விருது வென்ற ஜோன் துஜார்தானும் ஒருவர். துப்புரவுப் பணியாளரின் மகன் அம்மேடையில் ஏறிய காட்சி, பிரான்சின் புறநகர்களில் வாழும் குடியேறிகளின் பிள்ளைகள் பலருக்கும் தம் சொந்த வெற்றியாகவே தோன்றியிருக்கும்.

குறை கூறியோர்

படத்தை எல்லோரும் புகழவில்லை. அமெரிக்காவின் 'வெரைட்டி' இதழின் விமர்சனம் இதனைக் கடுமையாகச் சாடியது. வெள்ளை எசமானரைச் சிரிக்க வைத்து, ஆடிப் பாடி, அவருடைய வாழ்வுக்கு உயிரூட்டுவதற்காகவே ஒரு கறுப்பின மனிதன் படைக்கப்பட்டிருக்கிறான் என்பது அக்குற்றச்சாட்டின் சாரம். உண்மைக் கதையின் அல்ஜீரிய இளைஞன் படத்தில் செனகல் இளைஞன் ஆனதும் பலரின் கேள்விக்கு உள்ளானது. ஓமார் சீயோடு முன்னரும் பணியாற்றிய இயக்குநர்கள் அவரை மனத்திற்கொண்டே பாத்திரத்தை எழுதினர் என்பது அதற்கான விளக்கம்.

இக்குறையில் உண்மை இல்லாமலில்லை. பணம் படைத்தவரும் பணமற்றவனும் நண்பராகிவிட்டால் உலகம் சரியாகிவிடும் என்னும் இனிய மயக்கத்தை இப்படம் தருகிறது. எத்தனை திரிஸ்களுக்கு ஒரு பிலிப் கிடைப்பார்? சட்டங்களும் சமூகமும் செய்யவேண்டியதை ஒரு மனிதரின் நல்ல மனம் செய்துவிடாது. எனினும் திரிஸ் வெறும் ஏவலாள் அல்லன். வாயிலை மறித்து வாகனம் நிறுத்துவோனை விரட்டுவதும், முகம் காணாமற் கடிதம் மட்டுமே எழுதிவந்த பெண்ணிடம் பேசும்படி பிலிப்பை நெருக்குவதும் அவனே. எசமானரின் அச்சத்தைப் பார்த்து நகைக்கும் உரிமை அவனுக்கு இருக்கிறது. ஏவலாளுக்கு அவ்வுரிமை கிடையாது.

படத்தின் குறையை இயக்குநர்களும் உணர்ந்தனர்போலும். 2014 இல் அதே ஓமார் சீயை வைத்து 'சம்பா' என்னும் படத்தை எடுத்தனர். பாரிசில் பத்தாண்டுகள் உழைத்தும் வதிவிட அனுமதியில்லாத செனகல் நாட்டவன் ஒருவனின் கதை அது. ஆடம்பரமான திருமண விருந்தில் தொடங்கும் படக்கருவி, சமையலறை வழியாக உட்சென்று, கடைசியிற் கோப்பை கழுவும் இடத்தில் வந்து நிற்கிறது. அந்த ஒரு காட்சியில் எமது மக்களின் எத்தனை ஆண்டுகள் அடங்கியிருக்கின்றன!

தமிழுக்கு வந்த கதை

இக்கதை தமிழுக்கும் வந்தது. 2016 மார்ச்சில் வம்சி பைடிப்பள்ளியின் இயக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் உருவான 'தோழா'வில் நாகார்ஜுனா சக்கர நாற்காலியில் அமர்ந்தார். கார்த்தி பராமரிக்க வந்தார். எமது ரசனைக்கேற்பக் காதலும் பாடலும் குடும்ப உருக்கமும் கூடின. புகழ்பெற்ற கதாநாயகர் ஒருவர் படம் முழுவதும் அசையாதிருக்கத் துணிந்ததும், கார்த்தியின் துடுக்கும் பாராட்டுக்குரியன. ஆயினும் மூலப்படம் மௌனத்தில் விட்ட இடங்களைத் தமிழ்ப்படம் இசையாலும் வசனத்தாலும் நிரப்பிவிடுகிறது. தலைப்பும் மாறியது. தீண்டாமையை நினைவூட்டும் பிரெஞ்சுத் தலைப்பு, எம்மிடையே வரும்போது தோழமை என்னும் இதமான சொல்லாகிவிட்டது. அழகிய சொல்தான், எனினும் எம்மை உறுத்தவேண்டிய ஒன்று அதனால் மறைந்துபோயிற்று என்றும் சொல்லவேண்டும்.

எமக்குள்ள பாடம்

ஐரோப்பாவின் முதியோர் இல்லங்களிலும் வைத்தியசாலைகளிலும் அந்நிய முதியோரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, தூக்கி இருத்தும் கைகளுள் தமிழர் கைகளும் உள. அவர்களது உழைப்பை எமது சமூகம் பெருமையோடு பேசுவது குறைவு. மறுபுறம், போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டும் கால் இழந்தும் தாயகத்தில் வாழும் எம்மவரை நினைக்கும்போது, பணம் அனுப்புவதோடு கடமை முடிந்ததென எண்ணுகிறோம். பணம் வேண்டியதே. ஆனால் அவர்களோடு சண்டையிடவும், கேலி பேசவும், கருத்துக் கேட்கவும் நாம் ஆயத்தமா? ஊரில் தொட மறுத்த சாதியைத் திருமணப் பேச்சில் இங்கும் தேடுவோர், 'தொட முடியாதவர்' என்ற தலைப்பை எப்படிப் படிப்பர்?

ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடும் இப்படத்தைப் பெற்றோர் தம் வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாம். பிள்ளைகளுக்கு மொழி தெரியும். பெற்றோருக்கு அந்த வாழ்க்கை தெரியும். படம் முடியுந் தறுவாயில் உண்மையான பிலிப்பும் அப்தெலும் சில கணங்கள் திரையில் தோன்றுகின்றனர். நடிகர்களைக் கண்டு சிரித்த நாம், அவ்விருவரையும் காணும்போது மௌனமாகிறோம். ஒருவர் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கிறார், மற்றவர் அருகே நிற்கிறார். யார் யாருக்கு உதவினார் என்று கேட்டால் விடை சொல்வது கடினம்.