தங்கம் கிடைக்கவில்லை, உயிர்கள்தான் போயின

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகருக்குக் கிழக்கே பாலைவனத்தில் உள்ளது சூப்பர்ஸ்டிஷன் மலைத்தொடர். அங்கே பெரும் தங்கச் சுரங்கம் ஒன்று மறைந்திருப்பதாக நூறாண்டுகளுக்கு மேலாகப் பலர் நம்பி வருகின்றனர்.

ஜேக்கப் வோல்ட்ஸ் என்ற ஜேர்மனியர் 1891 இல் இறந்தார். சாகும் தறுவாயில், தன்னைப் பராமரித்த ஜூலியா தோமஸ் என்ற பெண்ணிடம் சுரங்கம் இருக்கும் இடத்தைச் சொன்னார் என்பதே கதை. அடுத்த ஆண்டே தேடிச் சென்ற ஜூலியா வெறுங்கையுடன் திரும்பினார். ஆனால் கதை ஓயவில்லை.

1931 இல் வரைபடத்துடன் சென்ற அடொல்ஃப் ரூத் காணாமற்போனார். மாதங்கள் கழித்து மண்டையோடுதான் முதலில் கிடைத்தது. பின்னரும் தேடிச் சென்ற பலர் மாண்டனர். எரிமலைப் பாறைகளாலான இம்மலையில் பெருமளவு தங்கம் இருக்க வாய்ப்புக் குறைவு என்பது புவியியலாளர் கருத்து. 1984 முதல் அங்கு புதிய சுரங்க உரிமை கோரவும் முடியாது.

இக்கதைகளில் அப்பாச்சி மக்கள் தங்கத்தைக் காக்கும் கொலைகாரர்களாகவே வருகின்றனர். வரலாறோ வேறு. 1875 இல் அமெரிக்க இராணுவம் டொன்டோ அப்பாச்சி, யவபாய் மக்களைக் கடுங்குளிரில் சான் கார்லோஸுக்கு நடத்திச் சென்றது. வழியில் பலர் இறந்தனர். தொலைந்த சுரங்கத்துக்கு வரைபடங்கள் பல உண்டு. அம்மக்கள் இழந்த நிலத்தைப் பற்றி அந்தக் கதைகள் பேசுவதில்லை.