கிளிமஞ்சாரோ போகுமுன் அழகர்மலை ஏறுங்கள்!

"கென்யாவுல ஒரு பள்ளிக்கூடத்துல சேவை, சஃபாரி... அப்படியே தான்சானியா போய் கிளிமஞ்சாரோ ஏறப்போறோம்மா!" என்று பிள்ளை சொன்னதும், மதுரை அம்மாவுக்கு முறுக்கு டப்பாதான் ஞாபகம் வரும். ஆனால், முதல் வேலை ஊசி!

கென்யாவிலிருந்து திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும் என்பதால், கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். மலேரியா மாத்திரைக்கும் முன்கூட்டியே டாக்டரைப் பாருங்கள்.

அடுத்து கால்கள். பயணத்துக்கு வாங்கிய அதே ஷூவைப் போட்டு, பையைச் சுமந்துகொண்டு வாராவாரம் அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கை வரை ஏறுங்கள். கால் பழகிவிடும், மூச்சு பழகாது. 5,895 மீட்டர் உயர கிளிமஞ்சாரோ உச்சியில், நம்மூரில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிதான் இருக்கும். அங்குள்ள வழிகாட்டிகள் 'போலே போலே' என்பார்கள். 'மெல்ல மெல்ல' என்று அர்த்தம். தலைவலி, வாந்தி வந்தால் மறைக்காதீர்கள். மேலே ஏறாமல் நில்லுங்கள், குறையாவிட்டால் இறங்கிவிடுங்கள். மலை எங்கும் போய்விடாது!

சேவைக்குப் போகிறவர்கள், பரிசுப்பொருள்களை வாங்கிக் குவிக்குமுன் அந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று கேட்டுவிடுங்கள்.

சரி, முறுக்கு? தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆனால் கேரி பேக்கில் வேண்டாம். கென்யா 2017-லும், தான்சானியா 2019-லும் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்துவிட்டன. எவர்சில்வர் டப்பாவும் மஞ்சப்பையும் போதும்!