ஜீப்புக்கு எச்சரிக்கை விளக்கு

உங்களிடம் ஜீப் இருக்கிறதா? அல்லது உங்கள் வீட்டில் யாராவது ஜீப் ஓட்டுகிறார்களா? அப்படியானால் இது உங்களுக்குப் பயன்படும்.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்தில் எலப்புள்ளி இருக்கிறது. தமிழும் மலையாளமும் பேசும் ஊர். பாலக்காட்டிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சி போகும் சாலை எலப்புள்ளிப் பாறையைத் தொட்டுக்கொண்டு போகிறது. வடக்கே கொஞ்ச தூரத்தில் வாளையார் நெடுஞ்சாலை. அங்கே இரவு முழுவதும் லாரி ஓடும். தெற்கே நெம்மாறை தாண்டி மேலே ஏறினால் நெல்லியாம்பதி மலை. வளைவுக்கு மேல் வளைவு. மழைக்காலத்தில் மூடுபனி இறங்கிவிடும். இடுக்கிப் பக்கமும் இதே கதைதான். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாகத் தேனி மாவட்டத்துத் தொழிலாளர்கள் ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில்தான் போய் வருகிறார்கள்.

காட்டுப் பாதையில் ஓடும் வண்டி அடிக்கடி பழுதாகும். ஆக்ஸில் உடையும். டயர் பஞ்சராகும். பகலில் நின்றால் கவலை இல்லை. இரவில், அதுவும் வளைவில் நின்றுவிட்டால்? பின்னால் வரும் லாரிக்காரருக்கு உங்கள் வண்டி எப்படித் தெரியும்?

ஒரு கணக்குப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் கண்ணால் பார்த்து, மனதில் வாங்கி, பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் 20 மீட்டர் போய்விடும். அதன் பிறகுதான் பிரேக் பிடிக்கவே தொடங்கும். பாரம் ஏற்றிய லாரி நிற்க இன்னும் அதிக தூரம் வேண்டும். சாலை நனைந்திருந்தால் அதைவிட அதிகம். ஆகவே அவர் உங்களைத் தூரத்திலேயே பார்த்தாக வேண்டும். அதற்குத்தான் எச்சரிக்கை விளக்கு.

எந்த விளக்கு?

பட்டறையில் இப்படி ஒரு பேச்சு நடக்கும்.

"அண்ணா, ஜீப்புக்கு மேலே சிவப்பும் நீலமும் சுத்துற லைட் ஒண்ணு மாட்டிக் கொடுங்க."

"எதுக்குத் தம்பி?"

"ராத்திரி வண்டி நின்னா தூரத்துலேயே தெரியும் இல்லையா?"

"தெரியும். ஆம்புலன்ஸ் நிக்குதுன்னு நினைப்பாங்க. இல்லேன்னா போலீஸ் நிக்குதுன்னு நினைப்பாங்க. உன் வண்டி பழுதாகி நிக்குதுன்னு யாருக்கும் தெரியாது."

எலக்ட்ரீசியன் சொன்னது சரி. ஒவ்வொரு விளக்கும் ஒரு செய்தி சொல்கிறது. சுழலும் சிவப்பு, நீல விளக்கு "வழி விடுங்கள், அவசரம்" என்று சொல்கிறது. பழுதாகி நிற்கும் வண்டி சொல்ல வேண்டியது அது அல்ல. "நான் நிற்கிறேன், விலகிப் போங்கள்" என்று அது சொல்ல வேண்டும். அந்தச் செய்திக்கு உரியவை இண்டிகேட்டரின் மஞ்சள் விளக்குகள். நான்கு மூலையிலும் உள்ள நான்கும் ஒன்றாக மின்ன வேண்டும். இதை ஹசார்டு லைட் என்பார்கள். சிலர் பார்க்கிங் லைட் என்றும் சொல்வார்கள்.

சுழல் விளக்கு மாட்டுவது சட்டப்படியும் தவறு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. வண்டியின் முன்பக்கம் சிவப்பு விளக்கு எரியக் கூடாது. பின்பக்கம் சிவப்பு தவிர வேறு நிறம் கூடாது. இண்டிகேட்டர், ரிவர்ஸ் விளக்கு, நம்பர் பலகை விளக்கு போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. முன்பு அமைச்சர்களும் பெரிய அதிகாரிகளும் காரின் மேல் சிவப்பு விளக்கு வைத்துப் போனார்கள். கண்டவர்களும் அதை மாட்டத் தொடங்கினார்கள். 2013 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் இதற்குக் கடிவாளம் போட்டது. பிறகு 2017 மே 1 முதல் அமைச்சர்களுக்கும் அது இல்லை என்று மத்திய அரசு எடுத்துவிட்டது. இப்போது ஆம்புலன்ஸ், தீயணைப்பு, காவல்துறை, பேரிடர் மீட்பு போன்ற பணிகளுக்கான வண்டிகளுக்கு மட்டுமே அவசர விளக்கு உண்டு. அமைச்சருக்கே இல்லாதது நம் ஜீப்புக்கு எதற்கு?

பம்பரிலும் கூரையிலும் வரிசையாக மாட்டும் கண் கூசும் எல்.இ.டி. விளக்குகளுக்கும் இதையே சொல்ல வேண்டும். எதிரே வருகிறவர் கண்ணை அவை கட்டிவிடும். 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றி அமைத்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. விளக்கு விற்ற கடைக்காரர் அபராதம் கட்ட வர மாட்டார்.

இப்போது வரும் வண்டிகளில் ஹசார்டு சுவிட்ச் கம்பெனியிலிருந்தே வருகிறது. சிவப்பு முக்கோணப் படம் போட்ட பொத்தான் அதுதான். பழைய ஜீப்புகள் பலவற்றில் அது இல்லை. சிலவற்றில் இருந்தும் வேலை செய்வதில்லை. அவற்றில் எப்படிப் பொருத்துவது?

பொருத்தும் முறை

முதலில் இண்டிகேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சாவியைத் திருப்பினால் பேட்டரியிலிருந்து மின்சாரம் பியூஸ் வழியாகப் பிளாஷருக்கு வருகிறது. பிளாஷர் ஒரு சிறிய டப்பா. மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்புவது அதன் வேலை. அங்கிருந்து இண்டிகேட்டர் சுவிட்சுக்குப் போகிறது. சுவிட்சை இடப்பக்கம் தள்ளினால் இடப்பக்க விளக்குகள் மின்னும். வலப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் மின்னும்.

ஹசார்டு விளக்குக்குப் புதிய பல்பு எதுவும் வேண்டாம். இருக்கிற நான்கு பல்புகளே போதும். ஆனால் இரண்டு மாற்றம் வேண்டும். ஒன்று, சாவி இல்லாமலும் அது எரிய வேண்டும். ஆகவே பேட்டரியிலிருந்து தனியாக ஒரு ஒயர் வர வேண்டும். இரண்டு, சுவிட்சைப் போட்டால் இடப்பக்க ஒயரும் வலப்பக்க ஒயரும் ஒன்று சேர வேண்டும். அணைத்தால் மறுபடி பிரிந்துவிட வேண்டும்.

இந்த இரண்டாவது இடத்தில்தான் அரைகுறை வேலை நடக்கிறது. சிலர் இரண்டு பக்க ஒயரையும் முறுக்கி, சாதாரண சுவிட்ச் ஒன்றில் மாட்டிவிடுவார்கள். நான்கும் மின்னும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அதன் பிறகு இடப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டாலும் நான்கும் மின்னும்! ஆகவே ஹசார்டுக்கென்றே கடையில் விற்கும் சுவிட்சைத்தான் வாங்க வேண்டும். அதில் பல முனைகள் இருக்கும். சேர்ப்பதையும் பிரிப்பதையும் அதுவே செய்யும்.

பிளாஷரையும் கவனியுங்கள். ஜீப்பில் சாதாரணமாக ஒரு இண்டிகேட்டர் பல்பு 21 வாட். பழைய பிளாஷர் ஒரு பக்கத்து இரண்டு பல்புக்காகச் செய்தது. நான்கு பல்பு என்றால் 84 வாட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 84-ஐ 12-ஆல் வகுத்தால் 7 ஆம்பியர். இந்தப் பாரத்தைப் பழைய பிளாஷர் தாங்காது. நான்கு பல்புக்கான பிளாஷர் கேட்டு வாங்குங்கள். பேட்டரி 12 வோல்ட்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மிகப் பழைய வில்லிஸ் ஜீப்புகள் 6 வோல்ட்டில் ஓடின.

எல்.இ.டி. பல்பு போட்டிருந்தால் வேறு சிக்கல் வரும். பழைய பிளாஷரில் ஒரு உலோகத் தகடு இருக்கும். மின்சாரம் ஓடினால் அது சூடாகி வளையும். வளைந்தால் இணைப்பு மாறும். ஆறினால் பழையபடி ஆகும். அதனால்தான் விளக்கு மின்னுகிறது. எல்.இ.டி. மிகக் குறைந்த மின்சாரம் எடுப்பதால் தகடு சரியாகச் சூடாகாது. அதற்கு எலக்ட்ரானிக் பிளாஷர் போட வேண்டும்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் வையுங்கள். 10 அல்லது 15 ஆம்பியர் போதும். ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும். தகரத்தில் துளை போட்டு ஒயரை நுழைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம் வேண்டும். மலைப் பாதையில் வண்டி குலுங்கும். தகரத்தின் விளிம்பு ஒயரை அறுக்கும். செம்புக் கம்பி தகரத்தில் பட்டால் ஷார்ட் ஆகும். பியூஸ் இருந்தால் பியூஸ் போகும். பியூஸ் இல்லையென்றால் ஒயர் தீப்பிடிக்கும். டீசல் குழாய் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

பின்பக்க விளக்குகளின் எர்த் ஒயரையும் பாருங்கள். சேறும் துருவும் பிடித்திருந்தால் விளக்கு மங்கலாக எரியும். தகரத்தைப் பளிச்சென்று சுரண்டி, எர்த்தைப் புதிதாக இறுக்குங்கள்.

முடிந்ததும் சோதியுங்கள். சாவியை எடுத்துவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள். வண்டியைச் சுற்றி நடந்து நான்கு விளக்கும் மின்னுகிறதா என்று பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். நிமிடத்துக்கு 60-க்குக் குறையக் கூடாது, 120-க்கு மேல் போகக் கூடாது. இது விதி. பிறகு ஹசார்டை அணைத்து, சாவியைப் போட்டு, இடது மட்டும், வலது மட்டும் போட்டுப் பாருங்கள்.

எப்போது போடுவது, எப்போது போடக் கூடாது

வண்டி நின்றுவிட்டால் போடுங்கள். ஓடும்போது போடாதீர்கள்.

நம்மில் பலர் நாற்சந்தியில் நேராகப் போக நான்கு விளக்கையும் போடுகிறார்கள். இது எங்கிருந்து வந்த வழக்கமோ, பரவிவிட்டது. இடப்பக்கத் தெருவிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஜீப்பின் இடப்பக்க விளக்கு மட்டும்தான் அவர் கண்ணில் படும். இவர் நம் தெருவுக்குத் திரும்புகிறார் என்று நினைத்து அவர் முன்னே வருவார். நீங்கள் நேராகப் போவீர்கள். பிறகு என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நேராகப் போக எந்த விளக்கும் வேண்டாம்.

மூடுபனியிலும் மழையிலும் இதே தவறு நடக்கிறது. நான்கும் மின்னிக்கொண்டிருந்தால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. நிற்கிறீர்களா, ஓடுகிறீர்களா என்பதும் தெரியாது. மூடுபனியில் ஹெட்லைட்டைத் தாழ்த்திப் போட்டு மெதுவாகப் போனால் போதும்.

வைக்கோல், விறகு ஏற்றும்போது பின்பக்க விளக்கின் மேல் தொங்கவிடாதீர்கள். காட்டுப் பாதையிலிருந்து தார்ச் சாலைக்கு ஏறும்போது ஒரு துணியால் விளக்குகளின் சேற்றைத் துடையுங்கள்.

வண்டி நின்றுவிட்டால் கூடியவரை சாலையை விட்டு ஓரமாகத் தள்ளுங்கள். சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள். வண்டிக்குள் இருப்பவர்களை இறக்கி, சாலையிலிருந்து விலகி நிற்கச் சொல்லுங்கள். "மழை பெய்கிறது, உள்ளேயே உட்காரட்டும்" என்று விடாதீர்கள். பின்னால் வந்து மோதும் லாரி முதலில் பின் சீட்டைத்தான் நசுக்கும். வாளையார் சாலை போன்ற தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணுக்குப் பேசினால் உதவி வரும். மற்ற இடங்களில் 112.

பேட்டரியையும் நினைத்துக்கொள்ளுங்கள். பாதி நேரம் எரிந்து பாதி நேரம் அணைவதால், ஹசார்டு சராசரியாக 3.5 ஆம்பியர் எடுக்கும். 50 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குப்படி 14 மணி நேரம் வரும். கணக்கு புதுப் பேட்டரிக்கு. பழைய பேட்டரியை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் நம்ப முடியாது. வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவும் மின்சாரம் வேண்டும்.

பேட்டரியே செத்துப்போனால் இந்த விளக்கு எதற்கும் உதவாது. அதற்காகத்தான் ஒளி திருப்பும் சிவப்பு முக்கோணம் இருக்கிறது. அதற்கு மின்சாரம் வேண்டாம். வருகிற வண்டியின் வெளிச்சமே போதும். வண்டிக்குப் பின்னால் 50 மீட்டர் தள்ளி வையுங்கள். அது பெரியவர் நடையில் ஏறக்குறைய 70 எட்டு. வளைவில் நின்றிருந்தால், வளைவுக்கு முன்னாலேயே வையுங்கள். முக்கோணத்தை ஓட்டுநர் சீட்டின் அடியில் வைத்திருங்கள். ஸ்டெப்னிக்கும் சாக்கு மூட்டைக்கும் கீழே கிடந்தால் இருட்டில் கைக்குக் கிடைக்காது.