பல்லவியும் சரணமும்: ஒரு ராக் இசைத்தட்டு பெற்ற வரவேற்பு

பாட்டில் பல்லவி மீண்டும் மீண்டும் வருவது. சரணம் பொருளை விரித்துச் செல்வது. கேட்போர் நெஞ்சில் முதலில் பதிவது பல்லவியே ஆகும். பல்லவியை மட்டும் பற்றிக்கொண்டு சரணத்தை நழுவவிட்டால், ஒரு பாட்டு தன் கருத்துக்கு மாறான பொருளில் நாடெங்கும் பரவிவிடுதல் கூடும். 1984ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள் அமெரிக்காவில் வெளிவந்த ‘பார்ன் இன் த யு.எஸ்.ஏ.’ என்னும் ராக் இசைத்தட்டின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். ‘அமெரிக்காவில் பிறந்தவன்’ என்பது அத்தலைப்பின் பொருள்.

அதிலுள்ள பாடல்களை இயற்றிப் பாடியவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1949இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்த அவர், பிரீஹோல்டு என்னும் சிற்றூரில் தொழிலாளர் குடும்பமொன்றில் வளர்ந்தார். தந்தை ஆலையிலும் சிறைச்சாலையிலும் பேருந்து ஓட்டியும் பல வேலைகள் பார்த்தவர். ஆலைகள் மூடப்பட, ஊர்கள் நலிவதைக் கண்ட ஸ்பிரிங்ஸ்டீனுக்கு உழைப்பாளர் வாழ்வே பெரிதும் பாடுபொருளாயிற்று.

வியட்நாம் போரும் அவரை நெருங்கித் தொட்டது. அவருடைய முதல் இசைக்குழுவில் முரசு கொட்டிய இளைஞர் 1967இல் அப்போரில் மடிந்தார். ஸ்பிரிங்ஸ்டீனுக்கும் படையிற் சேர அழைப்பு வந்தது; உடற்பரிசோதனையில் தகுதி பெறாமையால் தப்பினார். தமக்குப் பதிலாகச் சென்றவர் யாரோ என்னும் எண்ணம் தம்முள் எழுவதுண்டு என்று அவர் பிற்காலத்தில் கூறியுள்ளார். 1981 ஆகஸ்டில் அப்போரிலிருந்து மீண்ட வீரர்களின் சங்கத்திற்கு நிதி திரட்ட லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் இசை நிகழ்ச்சி நடத்தினார். இவ்வனைத்தும் தலைப்புப் பாடலுக்கு உரமாயின.

அப்பாடலின் சரணங்கள் கூறும் கதை இது: நலிந்த ஊரொன்றில் பிறந்த இளைஞன் சிறு குற்றத்தில் சிக்குகிறான், அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து அயல்நாட்டுப் போருக்கு அனுப்புகின்றனர். திரும்பி வந்தவனுக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை இல்லை. படைவீரர் நலத்துறை அலுவலரும் கைவிரிக்கிறார். சகோதரன் ஒருவன் கே சான் போர்முனையில் மாண்டான். ஆண்டுகள் பத்துக் கழிந்தும் போக்கிடமின்றிச் சிறைச்சாலையின் நிழலில் நிற்கிறான் அவ்வீரன். பல்லவியோ, தலைப்பிலுள்ள சொற்களையே மீட்டு மீட்டு முழங்குகிறது.

1982 ஜனவரியில் ஸ்பிரிங்ஸ்டீன் தம் வீட்டில் கிதாரொன்றை மட்டும் வைத்துக்கொண்டு இதனை முதலில் ஒலிப்பதிவு செய்தபோது, அது தனிமையின் புலம்பலாக இருந்தது. அவ்வாறு வீட்டில் பதிந்த பாடல்களைக் கொண்டு அவ்வாண்டு செப்டம்பரில் வெளிவந்த ‘நெப்ராஸ்கா’ என்னும் இசைத்தட்டில் இது இடம்பெறவில்லை. பின்னர்த் தம் குழுவினருடன் சேர்ந்து பாடியபோது பாட்டின் உருவே மாறியது. மேக்ஸ் வைன்பர்க்கின் முரசும் ராய் பிட்டனின் மின்னிசைப் பெட்டியும் அதனை வெற்றி முழக்கமாக்கின. சொல் துயரம் பேச, இசை வீரம் பேசியது.

வரவேற்பு பெரிதாக இருந்தது. ‘பில்போர்டு’ இதழின் பட்டியலில் இசைத்தட்டு 7 வாரம் முதலிடத்தில் நின்றது. அதன் 12 பாடல்களுள் 7 பாடல்கள் தனித்தனியே முதல் பத்து இடங்களுக்குள் வந்தன. அமெரிக்காவில் மட்டும் 1.5 கோடிக்கு மேற்பட்ட தட்டுகள் விற்றன. மேலுறையில் நாட்டுக் கொடியின் பட்டைகள் இருந்தமையால், இதனை நாட்டுப் பெருமை பாடும் பாட்டென்றே பலர் எண்ணினர்.

1984 செப்டம்பரில் ஜார்ஜ் வில் என்னும் பத்திரிகையாளர், மூடிய ஆலைகளைப் பாடினாலும் ஊக்கமூட்டும் உறுதிமொழியே இப்பாடகரிடம் மேலோங்குகிறது என்னும் கருத்துப்பட எழுதினார். அம்மாதம் 19ஆம் நாள், தேர்தல் பயணமாக நியூ ஜெர்சியின் ஹாமண்டன் நகருக்கு வந்த அதிபர் ரொனால்டு ரேகன், நாட்டின் எதிர்காலம் பற்றிய நம்பிக்கை ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்களில் உள்ளது என்று மேடையிலேயே பாராட்டினார். சில நாட்களுக்குள் பிட்ஸ்பர்க் நகர மேடையில் பாடகர் மறுமொழி தந்தார். தம் இசைத்தட்டுகளுள் அதிபர் விரும்பிக் கேட்பது எதுவோ, ‘நெப்ராஸ்கா’வாக இராது என்று கூறிவிட்டு, வேலையிழந்து கொலைகாரனாகிய தொழிலாளி ஒருவனைப் பற்றி அத்தட்டிலுள்ள பாடலைப் பாடினார்.

அப்படியாயின், இப்பல்லவி வஞ்சப்புகழ்ச்சியா? அவ்வாறு கொள்வோரும் உளர். அதுவும் முழுமையான விளக்கமாகாது. பல்லவியின் சொற்கள் மாறுவதில்லை. அவை நிற்கும் இடம் மாறுகிறது. பிறந்த ஊரின் நலிவைக் கூறியபின் ஒலிக்கையில் அது பிறப்புச் செய்தி. போருக்கு அனுப்பியதைக் கூறியபின் ஒலிக்கையில் அது வினா. வேலையும் சகோதரனும் இழந்தபின் ஒலிக்கையில் அதுவே உரிமைக் குரல். இம்மண்ணில் பிறந்தவனுக்கு இந்நாடு செய்தது என்ன என்று கேட்கும் குரல். பிறந்த நாட்டின் மீதுள்ள பற்றும் அந்நாட்டைத் தட்டிக் கேட்கும் உரிமையும் ஒருங்கே அதில் அமைந்துள்ளன. பற்றை மட்டும் கேட்டவர் பாதியைக் கேட்டனர். பழிப்பை மட்டும் கேட்டவரும் பாதியையே கேட்டனர்.

1995இல் தொடங்கிய இசைப்பயணத்தில் ஸ்பிரிங்ஸ்டீன் இப்பாட்டை மீண்டும் ஒற்றைக் கிதாருடன் பாடினார். 1998இல் பழைய வீட்டு ஒலிப்பதிவும் வெளிவந்தது. பாட்டின் பொருளில் இசை எவ்வளவு பங்கு கொள்கிறது என்பதை இவ்விரு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்பவர் எளிதில் உணர்வர். மாணவர்க்குப் பாட்டு நயம் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இதில் ஒரு வழி உண்டு: முதலில் இசையின்றிச் சரணங்களைப் படிக்கச் செய்து, பின்னர்ப் பல்லவியைச் சேர்த்து, அதன்பின் இசையோடு கேட்கச் செய்தல் நன்று. அதிபர் ஒருவரே தவறவிட்ட பொருளை அம்மாணவர் தவறவிடார்.