எடோ: ஊர் பெயர் மாறியும் மறையாத பெயர்

டோக்கியோவின் பழைய பெயர் எடோ. ஜப்பானியர் இதை இரண்டு எழுத்துகளால் எழுதுகிறார்கள். முதல் எழுத்து நிலத்துக்குள் புகுந்த நீர்ப்பரப்பையும், அடுத்தது வாசலையும் குறிக்கும். தமிழில் முகத்துவாரம் என்பது இதற்கு மிக நெருங்கிய சொல். பெயர் பொருத்தமானதுதான், இன்று அலுவலகக் கட்டடங்கள் நெருங்கி நிற்கும் ஹிபியா பகுதி வரை அன்று கடல் உட்புகுந்து கிடந்தது. பிற்காலத்தில்தான் அதைத் தூர்த்தார்கள்.

12ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த போர்வீரர் குடும்பம் ஒன்று ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. 1457இல் ஓட்டா டோகான் அங்கே கோட்டை கட்டினார். 1590இல் அதில் குடியேறிய டோகுகவா இயேயாசு 1603இல் ஷோகுன், அதாவது நாட்டை ஆளும் படைத்தலைவர், ஆனார். பேரரசர் கியோட்டோவில் இருந்தார். ஆட்சி எடோவில் நடந்தது. 18ஆம் நூற்றாண்டில் நகரத்து மக்கள்தொகை பத்து லட்சத்தை எட்டியது. 1868இல் ஷோகுன் ஆட்சி வீழ்ந்ததும் நகரத்துக்கு 'கிழக்குத் தலைநகர்' என்று பொருள்படும் டோக்கியோ என்ற பெயர் வந்தது.

ஆனால் பழைய பெயர் மக்கள் நாவை விட்டு அகலவில்லை. ஜப்பானிய வரலாற்றில் 1603 முதல் 1868 வரையிலான காலமே 'எடோ காலம்' எனப்படுகிறது. தலைமுறை தலைமுறையாக அந்நகரில் வாழ்பவர் 'எடோக்கோ', அதாவது எடோவின் பிள்ளை. மூன்று தலைமுறையாவது அங்கே பிறந்திருக்க வேண்டும் என்பது வழக்கு. 'எடோமாயே' என்றால் எடோவின் முன்புறம். நகருக்கு எதிரே இருந்த விரிகுடாவில் பிடித்த மீனைச் சுட்டிய அச்சொல், இன்று டோக்கியோ பாணி சுஷிக்குப் பெயர். பட்டை தீட்டிய கண்ணாடிப் பாத்திரம் 'எடோ கிரிக்கோ'. சம்பந்தமில்லாத இடத்தில் பழிதீர்ப்பவரை, எடோவில் மூண்ட பகையைத் தென்மேற்குக் கோடியிலுள்ள நாகசாகியில் தீர்க்கிறார் என்பார்கள். இத்தனை பயன்பாடுகளில் மிக உயிரோட்டமானது இந்தப் பழமொழிதான்.

துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற எடோகவா ரான்போவின் பெயரிலும் எடோ உண்டு. அது அவர் புனைபெயர். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவின் பெயரை ஜப்பானிய ஒலியில் வார்த்தது. எடோகவா என்பது டோக்கியோவின் கிழக்கெல்லையில் ஓடும் ஆறு. அதன் பெயரில் ஒரு வட்டாரமும் இருக்கிறது. சுரங்க ரயில் தடம் ஒன்றுக்கு 'ஓஎடோ', அதாவது பேரெடோ, என்று பெயர்.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் நூல்களில் 'யெடோ' என்ற பெயரைக் கண்டால், அதுவும் இதே நகரம்தான். நைஜீரியாவின் எடோ மாநிலத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.